அம்மன் இறங்கிய ஜீப் தடம்

வில்பட்டி ரோட்டிலிருந்து எங்கள் கேரட் காட்டுக்கு இறங்க ஒரே தடம்தான். அது அண்ணன் நிலத்தின் நடுவே போகிறது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். இல்லாவிட்டால் என் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கும். பல வருஷமாக அந்தத் தடத்தில்தான் ஜீப் இறங்கி என் மூட்டைகளை ஏற்றிப் போனது. போன வருஷம் அவர் ரோட்டோரம் டூரிஸ்டுகளுக்காக ஒரு காட்டேஜ் கட்டினார். கட்டி முடித்த கையோடு தடத்தின் குறுக்கே சங்கிலி போட்டார்.

"நடந்து போடா, யாரு வேணாங்குறா? ஜீப்புச் சத்தத்துல கெஸ்ட்டெல்லாம் வெள்ளனே முழிச்சிர்றாங்க" என்றார். அடப்பாவி, தூங்குவதற்கா மலையேறி வருகிறார்கள்!

கேரட்டைப் பிடுங்கினால் அன்றைக்கே கழுவி லாரிக்குச் சேர்க்க வேண்டும். அந்த ஏற்றத்தில் தலைச்சுமையாகக் கொண்டு போவதற்குள் லாரி கிளம்பிவிடும். மறுநாள் கேரட் வாடிப்போய்க் கிடக்கும். பத்திரத்தில் நடைபாதை என்றுதான் இருக்கிறது என்று தாலுகா ஆபீஸிலும் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஊர்த் திருவிழா வந்தது. எங்கள் அம்மன் வருஷா வருஷம் ஜீப்பில்தான் ஊர்வலம் போவாள். "இந்தத் தடவை ஆத்தா என் காடு வரைக்கும் வரட்டும், பொங்கல் என் செலவு" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அம்மனுக்குக் குறுக்கே யார் சங்கிலி போடுவது? அண்ணனே பூட்டைத் திறந்துவிட்டு, சூடத்தட்டோடு கும்பிட்டு நின்றார். ஜீப் ஜம்மென்று இறங்கியது. நான் மேளத்துக்கு ஆடினேனாம், மனைவி சொல்கிறாள்.

மறுநாள் காலையில் மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு அதே ஜீப்பை வரச் சொன்னேன். டிரைவர் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து இறங்கி வந்தார்.

"ஏங்க, சங்கிலிதான் இல்லையே?"

"ஆத்தா வந்த தடமுங்க. இனிமே இதுல வண்டி விடக் கூடாதுன்னு ஊர்ல பேசிட்டாங்க."

"ஆத்தாவே உங்க ஜீப்புலதானய்யா வந்தா!"

"ஆத்தா வந்தாங்க. கேரட்டு வரலாமுங்களா?"

ஊர்க்காரர்களிடம் போய்க் கத்திப் பார்த்தேன். "ஆத்தாவே ஒன் காட்டுக்கு வந்திருக்கா, அதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்றார்கள். அண்ணன் சங்கிலியைத் திரும்பப் போடவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. கெஸ்ட்டுகள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

கொஞ்ச நாள் வெறுங்காலோடு சுமந்து பார்த்தோம். மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை விதை போடவில்லை.

"ஆத்தா வந்த காட்ட இப்படித் தரிசாப் போட்டுட்டியேலே" என்று ஊரே என்னைத் திட்டுகிறது. அண்ணனும்தான்.