மண்ணச்சநல்லூரில் காற்றுக்குக் காத்திருந்த நாள்

எண்பதுகளின் தொடக்கம், மின்வெட்டு கடுமையாக இருந்த கோடை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை நடத்திய என் அக்கா ஸ்டெல்லா, உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.

காலை ஏழு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கொள்ளிடம் தாண்டியதும் பஸ் பெட்ரோல் பங்க் வாசலில் நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம்ணே ஆகும்?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"டீசல் வரிசைம்மா. முன்னாடி நாலு வண்டி நிக்குது."

உட்கார முடியாமல் இறங்கி ரோட்டோரம் நடந்துகொண்டே இருந்தேன். போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது.

"தொட்டியில நெல்லு ஊறிக் கிடக்கு. இன்னிக்குள்ள அவிக்கலேன்னா நாத்தம் எடுத்துரும்" என்றாள் அக்கா. எரிக்க உமி மலையாகக் குவிந்திருந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் கரண்ட் இல்லாமல் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வராணியின் கிணற்றில் கரண்ட் இல்லாமலே தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் உண்டு. "எனக்கும் அவளுக்கும் பேச்சில்ல. நீ போய்க் கேளு."

கேட்டேன்.

"உங்க அக்கா ஆலைச் சாம்பல் முழுக்க இங்கதான் விழுது. என் பொண்ணுக்கு விடிய விடிய மூச்சு இழுக்குது. நான் எப்படிங்க குடுப்பேன்?"

அதை அப்படியே வந்து சொன்னேன். "உமிய விட்டா விறகுக்கு நான் எங்க போறது?" என்று அக்கா சீறினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். உள்ளே செல்வராணியின் மகள் தலையணையில் முன்னால் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்தாள்.

"புகைபோக்கிய உசத்திடறேங்க. அதுவரைக்கும் காத்து உங்க பக்கம் அடிச்சா பாய்லர் பத்த வைக்க மாட்டேன்."

"இப்ப எந்தப் பக்கம் அடிக்குது?"

"உங்க பக்கந்தான்" என்றாள் அக்கா.

காத்திருந்தோம். நான் தொட்டிக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். மதியம் போனது. தொட்டியில் லேசாகப் புளித்த வாடை எழுந்தது. அக்கா பாய்லர் பக்கமே போகவில்லை. சாயங்காலம் காற்று திரும்பியது. செல்வராணியே வந்து இன்ஜினை ஓட்டிவிட்டாள். கொஞ்சம் கெட்டது போக மீதி நெல் பிழைத்தது.

சொன்னபடி அக்கா புகைபோக்கியை உயர்த்தினாள். அந்தப் பெண்ணுக்கு இழுப்பு குறைந்தது. சாம்பல் அடுத்த தெருவில் விழ ஆரம்பித்தது.

எந்த நாட்டு அனல்மின் நிலையத்தைப் பற்றிப் படித்தாலும் எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வருகிறது. எரிபொருள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அதன் சாம்பலுக்கும் ஒரு விலாசம் இருக்கிறது.

மண்ணச்சநல்லூர் ஆலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக்காரர்களிடம் பேசி முடித்ததும், புகை போகும் பக்கம் உள்ள தெருவிலும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.