வெற்றிலைத் தட்டோடு எல்லை தாண்டினார்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். தருமபுரி மாவட்டத்தில் ஏரியூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தேர்வுக்குப் படித்த சட்டதிட்டமெல்லாம் அட்சரம் பிசகாமல் மனப்பாடமாக இருந்த காலம். யாராவது வந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க மேடம்" என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கிராமத்தில் இரண்டு குடியிருப்புகள். எங்கள் பக்கத்தில் சின்னக் குடியிருப்பைக் கொட்டாய் என்போம். இவற்றின் நிஜப் பெயர் வேண்டாம், மேல்கொட்டாய், கீழ்கொட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்ச தூரம் தார் ரோடு, ரோட்டோரம் ஒரு பஸ் நிழற்குடை. இரண்டு பக்கமும் மாமன் மச்சான்கள்தான், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அந்த மாசிக்கு ஆறு வருடங்களுக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் முன்னால் போவது என்று தொடங்கிய வாய்த்தகராறு, கைகலப்பாகி, கல்வீச்சாகி, கடைசியில் கோயிலுக்கே பூட்டுப் போடும்படி ஆகிவிட்டது. அன்று முதல் இந்தக் கொட்டாய்க்காரர் அந்தக் கொட்டாயில் கால் வைப்பதில்லை. கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை.

அந்த வருடம்தான் எங்கள் தாசில்தார் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். இரண்டு கரகமும் பக்கம் பக்கமாகப் போக வேண்டும் என்று முடிவானது. ஆனால் அதற்கு முன் இருபது நாள் சோதனை. மைக் செட் கூடாது, பிளெக்ஸ் கூடாது, பட்டாசு கூடாது, ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது. ஒரே ஒரு மீறல் நடந்தாலும் திருவிழா ரத்து, கோயில் பூட்டு பூட்டியபடியே இருக்கும். பெரியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மீறல் நடக்கிறதா என்று பார்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நிழற்குடைக்கு எதிரே ரோட்டின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நீள நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலோடு அங்கே உட்கார்ந்தேன். டி.வி.யில் எங்கோ வெளிநாட்டில் போர்நிறுத்தம், மீறல், கண்காணிப்புக் குழு என்று செய்தி வருமே, அதைப் பார்த்து யாரோ எனக்குப் 'போர்நிறுத்த மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மினி பஸ் கண்டக்டர்கூட "போர்நிறுத்தம் எறங்குங்க" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், வெளியில் முறைத்தேன்.

முதல் நாலு நாளில் நோட்டில் பாதி தீர்ந்துவிடும் போலிருந்தது. "அவங்க வூட்டு சேவல் கோட்டத் தாண்டி வந்து எங்க கோழியத் தொரத்துதுங்க மேடம், எழுதுங்க." "அவன் வேணும்னே எங்களப் பாத்துத் தொண்டையச் செருமுறானுங்க." ஒரு வெள்ளாடு எல்லை தாண்டி வந்து அவரைச் செடியில் வாய் வைத்ததற்குப் பத்துப் பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். நான் தாசில்தாருக்குப் போன் போட்டு, ஆடு மீறல் கணக்கில் வருமா சார் என்று கேட்டேன். "ஆடா?" என்றார். பிறகு, "மனுஷங்கள மட்டும் எழுதும்மா" என்று வைத்துவிட்டார்.

டீ விஷயம் இன்னொரு கூத்து. கீழ்கொட்டாயிலிருந்து வந்த டீயைக் குடித்தால் மேல்கொட்டாய்க்குப் பொறுக்காது. அங்கிருந்து உடனே இன்னொரு டம்ளர், இதைவிடப் பெரியதாக வரும். ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்துப் பித்தம் தலைக்கேறிய பிறகு, யார் கையாலும் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாத்ரூம் போவதில்கூட நான் நடுநிலை தவறவில்லை. காலையில் கீழ்கொட்டாயில் ஒரு வீடு, மதியம் மேல்கொட்டாயில் ஒரு வீடு.

கீழ்கொட்டாயில் நான் போகும் வீடு ரோட்டோரத்து முதல் வீடு. அந்த அக்காவும் அவர் கணவரும் சாமந்தி போட்டிருந்தார்கள். ஒரே பெண் குழந்தை, ஏழு வயது ஆகப்போகிறது. இரண்டு காதும் மூளி. நான் வெகுளியாக, "ஏங்க்கா, இன்னும் காது குத்தலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கண்ணன் மடியில உக்காராம எப்பிடிங்க மேடம் குத்துறது?" என்றார் அவர். அண்ணன் இருப்பது மேல்கொட்டாயில். கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். குழந்தைக்குப் பதினோராவது மாதத்தில், அதே திருவிழாவில், அதே கோயில் வாசலில் காது குத்துவதாக ஏற்பாடு. அன்றைக்குத்தான் கல் பறந்தது. கணவருக்கு ஒரு முன்பல் போயிற்று. கல் யார் கையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவருக்கு மச்சான் மேல்தான் சந்தேகம். அண்ணன் வாங்கிய தோடு ஆறு வருடமாக அவர் பீரோவிலேயே கிடந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் 'மூளிக்காது' என்று கூப்பிடுவார்களாம்.

"இந்த வருஷமும் திருவிழா நின்னுபோச்சுன்னா, அப்புறம் கோயில எப்பத் தெறப்பாங்கன்னு யாருக்குங்க தெரியும்? நீங்க நல்லபடியா எழுதுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார். நடப்பதைத்தான் எழுதுவேன் என்று நான் விறைப்பாகப் பதில் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

நாட்கள் நகர்ந்தன. புகார்கள்கூடக் குறைந்துவிட்டன. பதினேழாம் நாள் காலை, மினி பஸ்ஸுக்குக் காத்திராமல் ஸ்கூட்டியில் கிளம்பி ஆறேகால் மணிக்கே வந்துவிட்டேன். ரோட்டில் பனி இன்னும் விலகவில்லை. மேல்கொட்டாய்ப் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். கிட்டே வந்த பிறகு பார்த்தால், அந்த அக்காவும் அவர் கணவரும். அவர் வேட்டி சட்டையில், அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, காலியாக.

அவர்கள் என்னைப் பார்த்ததும் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டார்கள். விஷயம் இதுதான். தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்குப் போய் அழைத்தால்தான் அவர் மடி கொடுக்க வர முடியும். அழைக்காமல் வந்தால் அவருக்கு மரியாதை இல்லை. சோதனை முடிந்த மறுநாளே திருவிழா, அன்றைக்கே காதுகுத்து, எனவே அழைப்பு அதற்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும். அதற்கு எல்லையைத் தாண்ட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் அத்தனை பேரும் மைக் செட்டை யோசித்தார்கள், பட்டாசை யோசித்தார்கள், இதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

"போன்ல சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"போன்ல சொன்னா அது சேதிங்க மேடம். வெத்தல பாக்கு வெச்சாத்தான் அழைப்பு" என்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "நீங்க எழுதிக்கோங்க. உங்க வேல அது. எங்கண்ணன் வாறேன்னு சொல்லிட்டான், எனக்கு அது போதும்." கணவர் பல் போன இடம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

வேறு யாராவது என் இடத்தில் இருந்தால் நோட்டை மூடி வைத்திருப்பார்கள். நான் எழுதினேன். தேதி, நேரம், இரண்டு பேர், எல்லை தாண்டல் என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, தாசில்தாருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். தகுதிகாண் பருவம், நாளைக்கு ஏதாவது ஆனால் என் வேலைதான் போகும் என்ற பயம். அதோடு கொஞ்சம் திமிரும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டு தரப்பும் மறுநாள் விசாரணைக்கு வர வேண்டும். சேதி பரவியதும் ரோடே அமைதியாகிவிட்டது. அன்று முழுக்க ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. சேவல் புகார்கூட வரவில்லை. மதியம் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து, "மேடம், திருவிழா இருக்குதுங்களா?" என்று கேட்டது. திறந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடிப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் பென்னாகரம் தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை. மேல்கொட்டாயிலிருந்து இருபது பேர், கீழ்கொட்டாயிலிருந்து இருபது பேர், தரப்புக்கு ஒரு சுவர் ஓரமாக நின்றார்கள். தாசில்தார் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், எதற்கும் அசர மாட்டார். என் குறிப்பை உரக்கப் படித்தார். பிறகு மேல்கொட்டாய்ப் பெரியவரைப் பார்த்து, "உங்க எல்லைக்குள்ள அவங்க வந்தாங்களா?" என்று கேட்டார்.

ஆட்டுக்குப் பத்து சாட்சி கொண்டு வந்தவர் அவர்.

"இல்லீங்க. யாரும் வல்லீங்க" என்றார் அவர்.

தாசில்தார் கீழ்கொட்டாய்ப் பக்கம் திரும்பினார். "நீங்க போனீங்களா?"

"இல்லீங்க. நாங்க எதுக்குங்க அங்க போறோம்?"

"அப்ப மேடம் எழுதியிருக்கறது?"

மேல்கொட்டாய்ப் பெரியவர் என்னை ரொம்பக் கரிசனமாகப் பார்த்தார். "பாவங்க அந்தப் பொண்ணு. பதினேழு நாளா வெயில்ல உக்காந்திருக்குது. கண்ணுக்கு எதாச்சும் தோணியிருக்குங்க."

"காலையில ஆறேகால் மணிக்கு ஏதுய்யா வெயிலு?"

பெரியவர் திணறினார். அந்த நிமிடம் எதிர்ச் சுவரிலிருந்து கீழ்கொட்டாய்க்காரர் ஒருவர் கைகொடுத்தார். "அது பனிங்க சார். பனியில ஆள் மாறித் தெரியுமுங்க."

"ஒருத்தர் வெயில்ங்கறீங்க, ஒருத்தர் பனிங்கறீங்க?"

"எங்க பக்கம் வெயிலுங்க, அவங்க பக்கம் பனிங்க" என்றார் பெரியவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

நாற்பது பேரும் தலையாட்டினார்கள். ஆறு வருடமாக மழை பெய்ததா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு ஊர், என்னைப் பொய்க்காரி ஆக்குவதற்கு ஒரே குரலில் பேசியது. தாசில்தார் மேசை மேலிருந்த கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

பிறகு கோப்பை இறக்கி என்னைப் பார்த்தார். "என்னம்மா, நீ பாத்தது நிஜந்தானா?"

கடைசி வரிசையில் அந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆனால் நேற்று எழுதியதை மறுபடி சொல்லவும் வாய் வரவில்லை. "பார்த்தது நிஜம் சார்" என்றேன். அறையில் ஒரு முனகல் எழுந்தது. "ரெண்டு பேரும் தாய்மாமனுக்கு வெத்தலை பாக்கு வைக்கப் போனாங்க சார். நான்தான் அதை மீறல்னு எழுதிட்டேன். அது என் தப்பு சார்."

தாசில்தார் பேனாவை எடுத்தார். எல்லைக்கு உரியவர்களே புகார் இல்லை என்கிறார்கள், எனவே நடவடிக்கைக்கு இடமில்லை என்று இரண்டே வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். "போயி கரகத்த ஜோடிங்கய்யா" என்றார். வாசலைத் தாண்டும்போது பார்த்தேன், இரண்டு சுவர்க் கூட்டமும் ஒன்றாகக் கலந்து இறங்கியது. யார் எந்தக் கொட்டாய் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகுதான் எல்லாம் தெரியவந்தது. அன்று அதிகாலை அவர்கள் தட்டோடு போனதை மேல்கொட்டாயில் பாதிப்பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் குரைத்த நாயைப் பிடித்துக் கட்டியிருக்கிறார். இன்னொருவர் வாசல் லைட்டைப் போட்டு வழிகாட்டியிருக்கிறார். சாணி தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்களாம், நாங்கள் பார்க்கவில்லை என்று பிறகு சொல்ல வேண்டுமே என்று. ஊரே சேர்ந்து மீறியிருக்கிறது, எனக்குத் தெரிந்தது இரண்டு பேர் மட்டும்தான்.

திருவிழா நடந்தது. பம்பை அடி காதைப் பிளக்க, இரண்டு கரகமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின. கோயில் வாசலில் பெரிய ஜமுக்காளம் விரித்து அந்த அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தங்கை கணவர் குழந்தையைத் தூக்கி வந்து மச்சான் மடியில் வைத்தார். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்காமல், குழந்தையின் பாவாடையை மட்டும் மாற்றி மாற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் ஊரே மூச்சடக்கிப் பார்த்தது. குழந்தை அழவில்லை. ஏழு வருடம் ஆசைப்பட்டது அது, பல்லைக் கடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அழுதது மாமன்தான். குலுங்கிக் குலுங்கி அழுதார். "மாமா, எனக்குத்தானே வலிக்கணும்?" என்று குழந்தை கேட்க, அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். மூக்கைச் சிந்தக் கைக்குட்டை இல்லாமல் துப்பட்டாவையே பயன்படுத்தினேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை மாறுதலாகிவிட்டேன். எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை. நாற்பது பேர் ஒன்றுகூடிப் பொய் என்று சாதித்த அந்த ஒன்றைத்தான் சந்தோஷமாக எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன். இன்றைக்கும் யார் மேலாவது புகார் எழுத நோட்டை விரித்தால், இதனால் யாருக்கு என்ன நோவு என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் என் பேனா மூடி கழலுகிறது.