ஓர் ஆணி குறைந்த மூன்று நாள்

என் மூத்த மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். தவழ்வான். தரையில் எது கிடந்தாலும் வாய்க்குப் போகும். அப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் நூற்றைம்பது ஆணிகளைக் கொண்டுவந்தவன் நான். 

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. இரண்டு தேக்கு நாற்காலிகளை எடுத்தேன். மெருகு உரிந்திருந்தது, இருக்கைத் துணி கிழிந்து உள்ளே அடைத்த நார் துருத்திக்கொண்டிருந்தது. அவை வீட்டுக்குள் வந்ததே என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"செத்தவங்க உக்காந்த நாற்காலியா இருந்தா என்ன பண்றது? பச்சப்பிள்ளை இருக்கிற வீடு."

"பச்சைப் பெயிண்டு ரெண்டு தடவ அடிச்சா எந்தப் பேயும் நிக்காது" என்று சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த திமிர்.

வாசலையொட்டிய அஞ்சடி நடையில் போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்டு அடித்தேன். மூன்றாவது ஞாயிறு கூடத்தில் உட்கார்ந்து, நாரைப் புதிதாக அடைத்து, மேலே பூப்போட்ட சீட்டித் துணியை இழுத்து ஆணி அடித்தேன். சீனன் கடையில் சின்னக் கறுப்பு இரும்பாணிகளை நிறுத்துத்தான் தருவார்கள். நான் வீட்டில் இரண்டு முறை எண்ணினேன்: நூற்றைம்பது. பட்டறைக்காரர்கள் செய்வதுபோல ஆறாறாக உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடித்தேன்.

"முள்ளம்பன்னி மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி.

பிள்ளை எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

நடுவே எழுந்துபோய்ச் சாப்பிட்டேன், குளித்தேன். நான்கு மணிக்கு வேலை முடிந்தது. நாற்காலிக்கு அறுபத்திரண்டாக நூற்றிருபத்து நான்கு. டப்பாவில் இருபத்தாறு மிஞ்ச வேண்டும். வளைந்த மூன்றையும் சேர்த்து இருபத்தைந்துதான் இருந்தது.

நாற்காலிகளைக் கவிழ்த்து எண்ணினேன். டப்பாவைக் கொட்டி எண்ணினேன். தரைப் பலகை இடுக்குகளை ஈர்க்குச்சியால் கிளறினேன். பிள்ளையின் வாயில் விரலை விட்டேன். இருந்த இரண்டு பற்களாலும் கடித்துவிட்டுச் சிரித்தான். அவன் வாயைத் திறந்து மூடியது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கால் தரிக்கவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. தாய் பயந்தால் பால் வற்றிவிடும் என்பார்கள். பேயை நம்பாத நான் அதை நம்பினேன்.

பக்கத்து வீட்டில், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் இருந்தார். வேலியோரம் போய்ப் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அண்ணே, பிள்ளைங்க ஆணி முழுங்கிட்டா என்ன செய்வாங்க?"

"பீசாங் பழம் மசிச்சுக் குடுத்து மூணு நாள் வெளிக்கிருக்கிறதப் பாக்கணும்லா. ரத்தம் போனாலோ, பால் குடிக்காம அழுதாலோ உடனே தூக்கிட்டு வரணும். யார் பிள்ளை தம்பி?"

"ஆபீஸ்ல ஒருத்தரோட பிள்ளை, அண்ணே."

திங்கட்கிழமை இரண்டு வாழைப்பழம் மசித்துக் கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை மூன்று. பிள்ளையின் துணிகளை நான் வரும்வரை அலசக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டு வடிகாலுக்குப் பக்கத்தில் குந்தி, குச்சியால் கிளறினேன். திங்கள் நான்கு துணி, செவ்வாய் ஐந்து. ஒன்றும் இல்லை.

"என்னங்க, ஆபீஸ்ல இந்த வேலையும் குடுத்துட்டாங்களா?" என்றாள். நான் அடுத்த துணியை எடுத்தேன்.

புதன்கிழமை வாசலில் கால் வைக்கும்போதே அழுகுரல் கேட்டது. காலையிலிருந்து பால் குடிக்கவில்லையாம். உடம்பு சுட்டது. டிரெசர் சொன்னது அப்படியே நடந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பிள்ளை ஆணி முழுங்கிட்டான்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "எப்போ? எந்த ஆணி?"

"நாற்காலி ஆணி. ஞாயித்துக்கிழமையிலிருந்து ஒண்ணு குறையுது."

 அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மரத் தொட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தலைமாட்டுப் பலகையின் அடிப்புறத்தில் ஒரு கறுப்பு ஆணி கோணலாக ஏறியிருந்தது.

"நீங்க குளிக்கப் போனப்ப அம்மிக் குழவியால அடிச்சேன். பிள்ளைகிட்ட இரும்பு இருந்தா எதுவும் அண்டாதுன்னு. சொன்னா சிரிப்பீங்கல்ல."

 அவள் பிள்ளையின் வாயைத் திறந்து ஈறைத் தடவினாள். "பல்லு வருது. அதான் சுடுது. மூணு நாளா இதைத்தான் தேடுனீங்களா?" அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

நான் சுத்தியலை எடுத்துவந்தேன். பிடுங்கப் போகிறேன் என்று நினைத்துத் தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். அவளை நகரச் சொல்லி, கோணலை நிமிர்த்தி, ஆணியின் தலை பலகையோடு படியும்வரை மூன்று அடி அடித்தேன்.

அதே தொட்டிலில் பிறகு மூன்று பிள்ளைகள் கிடந்தார்கள். நான்கு பேர் காலத்திலும், வேலைக்குப் புறப்படுமுன் தலைமாட்டுப் பலகையின் அடியில் விரலை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.