ஏழு சொட்டு

அந்த ஓட்டல் பாரில் பானம் கலந்து கொடுக்கும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'சொட்டு'தான். காரணம் பிட்டர்ஸ். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், கசப்பு வேர் எல்லாம் மூன்று வாரம் ஸ்பிரிட்டில் ஊறி இறங்கும் கரும்பழுப்புச் சாறு அது. கிளாசுக்கு இரண்டு சொட்டு விட்டால் பானம் எழுந்து உட்காரும். கூடிப்போனால் குடிக்கிறவர் முகம் அஷ்டகோணலாகும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து மூன்றாவது சொட்டு விழுந்ததில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டில் அந்தப் பெருமையெல்லாம் செல்லாது. பார் வாசனை வாசற்படி தாண்டக் கூடாது என்று கல்யாணமான வாரமே மனைவி சட்டம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து பாரிலேயே சட்டை மாற்றி, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

இந்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்து அவள் நாக்கிலிருந்த ருசியை வழித்துக்கொண்டு போய்விட்டது. வாசனையும் தெரியவில்லை. "எல்லாம் காகிதம் மாதிரி இருக்குங்க" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எடை பார்க்கிறார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாக்கு எதை மறந்தாலும் கசப்பை மறக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சனிக்கிழமை மதியம் சட்டத்தை மீறினார். சட்டைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த குப்பியைப் பூசணி சூப்பின் மேல் கவிழ்த்தார். ஊரார் கிளாசில் தவறாத கை இங்கே தவறியது. ஏழு சொட்டு விழுந்துவிட்டது. வேறு சூப்பும் இல்லை. வருவது வரட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதல் கரண்டியிலேயே அவள் முகம் சுளித்தாள்.

"கசக்குது."

"என்ன சொன்ன?"

"கசக்குதுன்னேன். என்னத்த ஊத்துனீங்க?"

"பார்லேருந்து பிட்டர்ஸ் கொண்டாந்தேன். ரெண்டு சொட்டுதான் விடப் பார்த்தேன். ஏழு விழுந்துடுச்சு."

"ஊருக்கெல்லாம் எண்ணி எண்ணி விட்டீங்க. பொண்டாட்டிக்குன்னா மட்டும் எண்ண வரலையா?"

திட்டிக்கொண்டே இரண்டாவது கரண்டியை வாயில் வைத்தாள். பிறகு மூன்றாவது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினார்.

சட்டென்று குப்பியை எடுத்துப் பையில் போடப்போனவரை அவள் தடுத்தாள்.

"அங்க உப்பு டப்பா பக்கத்துல வைங்க. நாளைக்கு அஞ்சு போதும்."