ஒரே வீட்டில் இரண்டு மாடசாமி

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சென்ற தேர்தலுக்கு வோட்டர் ஜாபிதாவை, அதாவது வாக்காளர் பட்டியலை, பெயர்த்தெழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சுந்தரபாண்டியம் கிராமத்துக் கணக்கரான கர்ணம் அனுப்பிய பட்டியலில் ஒரே வீட்டில் "மாடசாமி, தகப்பனார் இருளப்பன்" என்று இரண்டு தடவை இருந்தது. வயது எழுதவில்லை. கர்ணம் தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறார் என்று அலுத்துக்கொண்டு, ஒன்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

தேர்தலன்று சாவடியில் பெயர் சரிபார்ப்பதும் நானே. ஒரு கிழவரும் ஒரு வாலிபரும் சேர்ந்து வந்தார்கள். கிழவர் தன் பெயர் மாடசாமி என்று சொல்லி வோட்டுப் போட்டார். அடுத்து வந்த வாலிபரும், "மாடசாமி, அப்பா பேரு இருளப்பன்" என்றார்.

"அந்தப் பேருக்கு வோட்டு ஆயிருச்சே!" என்றேன்.

"அது எங்க தாத்தாய்யா. அவிய பேரு எனக்கு, அவிய அப்பா பேரு எங்க அப்பாவுக்கு. எல்லா வீட்லயும் அப்படித்தானே வைக்காக?"

உடனே சாவடி அதிகாரியிடம் ஓடினேன். அச்சான ஜாபிதாவில் இனி ஒரு பெயரும் சேர்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

"அப்பம் என் வோட்டை எடுத்து இவனுக்குக் குடுத்துருங்க. எனக்கு எதுக்கு?" என்றார் கிழவர். அதுவும் முடியாதென்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

எனக்கே என் தாத்தா பெயர்தான். அதுகூட அன்று நினைவுக்கு வரவில்லையே என்று இன்றும் என்மேல் எரிச்சலாக வருகிறது. இப்போது ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால், வயது கேட்டுக் கர்ணத்துக்கு ஆள் அனுப்பாமல் சிவப்பு மையைத் தொடுவதில்லை. ஆனாலும், ஜாபிதாவைச் சுவரில் ஒட்டியதும் உங்கள் பெயரை நீங்களே போய்ப் பாருங்கள். எங்களை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.