கொக்கியக்காவின் பென்சில்

“கண்ண மூடிக்குங்க. இப்பதான் குளிச்சு முடிச்சீங்கன்னு வெச்சுக்குங்க. துண்டை எடுங்க” என்கிறாள் கொக்கியக்கா.

வண்டி வாங்க வந்தவர் தன் மனைவியை ஒருமுறை பார்க்கிறார். வண்டிக்குள் அவர் நிற்கும் குளியலறை அலமாரி அளவுதான் இருக்கும். கையை மடக்கினால் முழங்கை சுவரில் இடிக்கும். துண்டும் இல்லை, அவர் குளிக்கவும் இல்லை. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கூச்சத்தோடு வலக்கையை நீட்டுகிறார். விரல்கள் சுவரில் போய் நின்ற இடத்தில் அக்கா பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறாள். “அவ்வளவுதான், போய் உக்காருங்க.” கொக்கி அங்கேதான் வரும். இன்னும் கொஞ்சம் மேலே இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று அந்த அம்மா சொன்னாலும் அக்கா கேட்கமாட்டாள். “கண்ணு ஆயிரம் சொல்லும்மா. ராத்திரி தூக்கக் கலக்கத்துல கைதான் போகும்” என்பாள்.

எங்கள் பட்டறையின் வாசல் பலகையில் மோட்டார் ஹோம் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் வீட்டு வண்டி என்போம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, கழிவறை என்று ஒரு குடும்பத்தையே அடைத்து அனுப்புவது எங்கள் தொழில். தச்சர், மின்சாரக்காரர், குழாய்க்காரர் எல்லோரும் நாளைத் தின்றுவிட்டுப் போனபிறகு, கடைசியாக வண்டிக்குள் ஏறுவது நாங்கள் இருவர். திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிற நான், கொக்கி மாட்டுகிற அவள். ஆகவே தாமதம் யாருடையதாக இருந்தாலும் திட்டு எங்களுக்குத்தான்.

அவளுக்கு நான் ‘தையலு’. எனக்கு அவள் அக்கா. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே வாகு. வேலைக்குப் போடும் மேலங்கிகள் அடிக்கடி மாறிப்போகும். என் பையில் திருகாணி கிடந்தால் அவள் அங்கியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

வீட்டு வண்டியின் உட்சுவர் ஒல்லியான பலகை. அதற்குப் பின்னால் சில இடத்தில் இரும்புச் சட்டம், சில இடத்தில் மின்கம்பி, மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. அக்கா விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போவாள், உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கேட்பவள்போல. சத்தம் கெட்டியாகக் கேட்டால் சட்டம் இருக்கிறது. கை காட்டிய இடத்தில் சட்டம் இல்லையென்றால், இருக்கிற இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பட்டைப் பலகையை அடித்து அதில் கொக்கியைப் பொருத்துவாள். வேலை இரட்டிப்பாகும். பரவாயில்லை என்பாள். கொக்கியின் நுனியும் நன்றாக மேலே சுருண்டிருக்க வேண்டும். “நிக்கிற வீடுன்னா ஆணி போதும். இது ஓடுற வீடு. பிரேக் போட்டா சட்டை பறந்து போய் டிரைவர் மூஞ்சில விழும்.” மாட்டி முடித்ததும் ஒரு தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு, வண்டிப் படியில் ஏறி நின்று ஆட்டுவாள். நான் உள்ளே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதெல்லாம் அவள் கணக்கில் வராது.

அந்தப் பென்சில் அரை விரல் நீளம். கொண்டையில் செருகியிருக்கும். யாருக்கும் தரமாட்டாள். துணியில் ஒரு குறி போட்டுக்கொள்ளக் கேட்டபோது, “பென்சிலை மட்டும் கேக்காத தையலு. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ, சும்மாதான் உக்காந்திருக்காரு” என்றாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். முதுகு போய், இப்போது சன்னலோரம் உட்கார்ந்து போகிற லாரிகளைப் பார்க்கிறார். அக்கா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். “ரெண்டு பேரும் உக்கார முடியாது தையலு. எங்க வீட்ல நல்ல நாற்காலி ஒண்ணுதான் இருக்கு.”

பட்டறையிலும் ஒரு நாற்காலி உண்டு. முழங்கால் தேய்ந்த தச்சரை முதலாளி வாசலில் கொண்டுபோய் உட்காரவைத்தார். வருகிற வண்டிக்குக் கதவு திறக்கும் வேலை. மூன்றாம் மாதம் அந்த வேலையும் இல்லை, அவரும் இல்லை. அக்கா அந்த நாற்காலியைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

சில மாதங்களாக அவள் மேலங்கியைச் சுவரில் மாட்டாமல் கதவுக் கைப்பிடியில் போட்டாள். பிறகு கொண்டை காணாமல் போனது. கழுத்தோரம் ஒரு ரப்பர் பட்டை. பென்சில் சட்டைப் பைக்கு இடம் மாறியது. “என்னக்கா, புது ஸ்டைலா?” என்று சீண்டினேன். “ஆமா, வயசு திரும்புது” என்றாள். மதிய இடைவேளையில் மெத்தை போடாத படுக்கைப் பலகையில் மல்லாந்து படுத்து, வலத் தோளை இடக்கையால் பிடித்தபடியே தூங்கிப்போவாள். எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருக்கும். களைத்தவளுக்கு அடுத்தவள் களைப்பு தனியாகவா தெரியும்?

இந்தச் சமயத்தில் ஒரு வாடகைக் கம்பெனிக்கு ஒரே மாதிரி வண்டிகள் கட்டினோம். வாடகை வண்டிக்குக் கண்ணை மூட வாடிக்கையாளர் இல்லை. கொக்கிக்கு எங்கள் பட்டறையில் வரைபடமும் இல்லை. அக்கா தானே கண்ணை மூடி, தன் கையை நீட்டி, தானே புள்ளி வைத்தாள். எப்போதும் அப்படித்தான்.

நேற்று மாலை ஒப்படைப்புக்காக நான்கு வண்டிகள் வரிசையாகக் கதவு திறந்து நின்றன. முதலாளி முதல் வண்டியில் தன் நீளக் கோட்டைக் கழற்றி மாட்டினார். சரியாகத் தொங்கியது. இரண்டாவதில் கோட்டின் ஓரம் இருக்கையைத் தொட்டது. நான்காவதில் பாதிக் கோட்டு இருக்கையில் மடிந்து உட்கார்ந்துகொண்டது.

“என்னம்மா, கொக்கியெல்லாம் இறங்கிக்கிட்டே வருது?”

“குட்டையா இருக்கறவங்களும் வாடகைக்கு எடுப்பாங்க இல்லைங்க” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர். அவள் தோளை ஒரு கணம் பார்த்தார். “நாளைக்கு மதியம் வண்டி எடுக்க வர்றாங்க. அதுக்குள்ள ஏத்திடு. முடியலன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பாக்கறேன்.”

“முடியும்” என்றாள்.

எனக்கு அப்போதுதான் கதவுக் கைப்பிடி, ரப்பர் பட்டை எல்லாம் ஒன்றாக வந்து உறைத்தது.

இன்று காலை நான்காவது வண்டியில் பழைய கொக்கிகளைக் கழற்றினோம். துளைகளை மூட அவள் மர வில்லைகள் கொண்டுவந்திருந்தாள். முக்காலியும் இருந்தது. ஆனால் அவள் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“முக்காலியில ஏறிக்கிட்டா துளை போட்டுடுவேன் தையலு. தோள் உசரத்துல வேலை வந்தா அவ்வளவா வலி இல்ல. எங்க போடறதுன்னுதான் தெரியல.”

“முதல் வண்டியில அளந்துட்டு வரட்டுமாக்கா?”

“அது சரியா இருக்குன்னு யாரு சொன்னது? அதுலயே இறங்கியிருக்கலாம். அதுக்கு முன்னாடி போனதுலயும் இறங்கியிருக்கலாம். எப்ப ஆரம்பிச்சுதுன்னே எனக்குத் தெரியல.” குரல் தாழ்ந்துவிட்டது. “வேணும்னு பண்ணல தையலு. கை எங்க போச்சோ, அங்கதான் வெச்சேன்.”

வெளியே முதலாளி யாரிடமோ கைப்பேசியில் பேசிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடப்பது கேட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். வண்டிக் கதவைச் சாத்தினாள். என் மடியிலிருந்த திரைச்சீலையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எந்திரி. கண்ண மூடு.”

மூடினேன்.

“மழையில நனைஞ்சு வந்திருக்க. கோட்டைக் கழட்டி மாட்டு.”

கூச்சமாகத்தான் இருந்தது. இல்லாத கோட்டைத் தோளிலிருந்து கழற்றினேன். கை தானாக மேலே போனது. அது இவ்வளவு சுலபமாகப் போவது அவளுக்கு முன்னால் எனக்குக் குற்றமாகப் பட்டது. விரல்கள் பலகையில் பட்டு நின்றன.

“அப்படியே இரு” என்றாள்.

அவள் பக்கத்தில் வருவது தெரிந்தது. துணி உரசியது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். என் முழங்கை வரைக்கும் அவள் கை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

முக்காலி இழுபடும் என்று காத்திருந்தேன். இழுபடவில்லை. கீழே தொங்கிக்கொண்டிருந்த என் இடக்கையை அவள் பிடித்தாள், விரல்களைப் பிரித்தாள், அந்த அரை விரல் பென்சிலை உள்ளே வைத்து மூடினாள்.