பெயரோடு போன பாதி

இமெல்டாவுக்கு யாரும் செய்தி எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாவிக்கரை ஊரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தவள், தான் அனுப்பியதையும் மறுநாள் பத்திரிகையில் வந்ததையும் அருகருகே வைத்து, எந்தச் சொல்லை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று பார்த்துப் பார்த்தே பத்தொன்பது வருடத்தில் பிரதேச நிருபராகத் தேறினாள்.

அவளுக்கும் காத்தான்குடி நிருபர் இஷாமுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் ஏதும் பிரச்சினை என்றால், தமிழ் ஊரில் அவள் விசாரிப்பாள். முஸ்லிம் ஊரில் அவன். இரண்டு பாதியும் நிருபர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்து சேரும். ஒவ்வொரு பாதியிலும் ஆட்களின் பெயர் இருக்கும். யாரைத் தேடிப்போவது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே. சேர்த்து எழுதும்போது பெயரை எடுத்துவிடுவார்கள். இதனால் தன்னை ஒருபக்கத்து ஆள் என்று யாரும் சொன்னதில்லை என்பதில் இமெல்டாவுக்குப் பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்புறம் அவளுடைய ஊர் மீனவன் பிறின்ஸின் தோணியில் ஓர் இயந்திரப் படகு மோதியது. மண்டையில் ஏழு தையல். "காத்தான்குடிப் பக்கீர்ர போட்தான் அக்கா. வேணுமெண்டுதான் ஏத்தினவர்," என்றான் கட்டிலில் படுத்தபடி. அவள் அதை அப்படியே எழுதி, 'மற்றப் பாதி வரும்வரை போட வேண்டாம்' என்ற வரியோடு பன்னிரண்டு மணிக்குக் குழுவில் போட்டாள். இஷாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தான்.

ஒரு மணிக்குக் கடைக்கு வந்த ஒரு பெண் தன் போனை நீட்டினாள். "இது நீங்க எழுதினதாமே?"

குழுவில் புதிதாகச் சேர்ந்த நிலோஜனின் பேஸ்புக் பக்கம். இமெல்டாவின் வரிகள், பக்கீரின் பெயரோடும் ஊரோடும். மேலே அவன் வைத்த தலைப்பு: 'தமிழ் மீனவரைக் கொல்ல முயற்சி'. நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். உடனே நிலோஜனுக்குப் போன் எடுத்தாள்.

"என்ன தம்பி செய்து வச்சிருக்கிறாய்?"

"உண்மைதானே அக்கா?"

"அது பாதியடா! இப்பவே எடு."

எடுத்தான். ஆனால் அதற்குள் பதிவைப் படம் பிடித்து வைத்தவர்களின் போன்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சற்று நேரத்தில் இஷாம் அழைத்தான். "அக்கா, பக்கீர் காக்காட வீட்ட நிக்கிறன். அவர்ர பொஞ்சாதி றபீக்கா ராத்தா அழுறா. அவர் தொழுதிட்டு நேரா வலை எடுக்கப் போய்ட்டாராம், உங்கட துறைக்கு முன்னால. போன் வீட்ட கிடக்கு."

இமெல்டா வெளியே பார்த்தாள். ஆண்கள் துறைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் துடுப்பு. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"இன்னொண்டு," என்றான் இஷாம். "தண்ணிக்குள்ள கிடந்தவனைத் தூக்கிக் கரையில கண்டல் மரத்தடியில விட்டதே பக்கீர் காக்காதானாம். உங்கட ஊருக்குள்ள வரப் பயந்து திரும்பிட்டாராம். அவன் உங்களுக்குச் சொல்லல்லியா?"

அவள் பிறின்ஸிடம் கேட்கவில்லை. மண்டை உடைந்தவன் எப்படிக் கரை சேர்ந்தான் என்று கேட்கவேயில்லை. அந்தப் பக்கத்தைக் கேட்க இஷாம் இருக்கிறான் என்ற தைரியத்தில், இந்தப் பக்கத்திடம் கேட்க வேண்டியதை விட்டுவிட்டாள். இதற்கு முன் எத்தனை தடவை விட்டாளோ?

பிறின்ஸின் வீட்டுக்கு ஓடினாள். "உன்னை ஆர் தூக்கினது?"

அவன் சுவரைப் பார்த்தான். "அவர்தான்."

"வேணுமெண்டு மோதினவரா?"

"இருட்டு, என்ர தோணியில லாம்பு இல்ல. வேணுமெண்டோ எண்டு எனக்குத் தெரியா அக்கா. இப்ப போய்ச் சொன்னா ஊருக்குள்ள இருக்க விடமாட்டாங்க."

அவன் மனைவி மதுஷா சட்டையை எடுத்து அவன்மேல் எறிந்தாள். "எழும்புங்க. அந்த மனிசன் விட்டுட்டுப் போயிருந்தா நான் இந்நேரம் உங்களுக்குச் சவப்பெட்டி வாங்கப் போயிருப்பன்."

பிறின்ஸையும் கூட்டிக்கொண்டு அவள் போனபோது துறையில் முப்பது பேர் நின்றார்கள். இரண்டு தோணிகளின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தூரத்தில் பக்கீர் இயந்திரத்தை நிறுத்தி வலையைத் தூக்கத் தொடங்கியிருந்தார்.

"நீங்கதானே எழுதின?" என்றார் மீனவர் சங்கத் தலைவர் ஜெயராஜா.

"ஓம்." எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள். "ஓம். கேட்க வேண்டியதைக் கேளாம எழுதிட்டன். பிழை என்ர."

பிறின்ஸ் நிலத்தைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னான்.

"மண்டையில பட்டதில கிறுக்குப் பிடிச்சிட்டுப் போல," என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, கலையவும் இல்லை.

இமெல்டா முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோணிகளுக்கு முன்னால் நின்றாள். பக்கீருக்குக் கை காட்டவும் பயமாக இருந்தது. கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கரைக்கே வந்துவிட்டால்? அவரோ அவசரமில்லாமல் மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய இயந்திரம் உறுமி, சத்தம் காத்தான்குடிப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

ஜெயராஜா துடுப்பை மணலில் போட்டார். "இஞ்ச நடந்ததையும் எழுதுவீங்களோ?"

"எழுதுவன்."

"உங்கட கடை ரோட்டோரத்திலதானே இருக்கு?" என்றார் அவர், மெதுவாக. "கவனமாப் பூட்டிட்டுப் போங்க, அக்கா."

இமெல்டா கடைக்குப் போனாள். பூட்டவில்லை, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, வீதியில் போன ஒவ்வொரு மோட்டார்சைக்கிளுக்கும் திடுக்கிட்டபடி, தான் கேட்காமல் விட்ட கேள்வியை முதல் வரியாக எழுதினாள்.